பழைய வயரும் புது வீடும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் குழுவின் சார்பில் பேசியது. பேசியபடியே, கொஞ்சம் சுருக்கித் தந்திருக்கிறோம்.)



போன கூட்டத்தில் மண்புழு உரம் பற்றிச் சொன்னார்கள், அதற்கு முந்தைய கூட்டத்தில் காப்பீடு பற்றிச் சொன்னார்கள். இந்த மாதம் எங்களைப் பேசச் சொன்னபோது "கரண்டைப் பத்திப் பேசுறோம்"னு சொன்னோம். "அது ஆம்பளைங்க விஷயமாச்சே"ன்னு ஒருத்தர் சிரிச்சாங்க. சரி, நாங்க ஒண்ணு கேக்கறோம். நம்ம ஊர்ல பாதி வீட்டு ஆம்பளைங்க திருப்பூர்லயும் சிங்கப்பூர்லயும் இருக்காங்க. மீதிப் பேர் காலையில போனா ராத்திரிதான் வர்றாங்க. கிரைண்டர் ஓடுறப்ப, வெந்நீர் போடுறப்ப, இஸ்திரி போடுறப்ப வீட்டுல இருக்கறது யார்? புகை வந்தா முதல்ல பார்க்கறது யார்? நாம்தான். அப்படியிருக்க மெயின் எங்கே இருக்கிறது என்று தெரியாத பெண்கள் எங்கள் குழுவிலேயே பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர். நாங்களும் அதில் அடக்கம். 2022-ஆம் வருஷம் கார்த்திகை மாதம் வரைக்கும்.

அந்தக் கார்த்திகையில் நடந்ததைச் சொல்கிறோம். எங்கள் குழு உறுப்பினர் ஒருவர் வீட்டில் நடந்தது. பெயர் வேண்டாம், அவரே இங்கே உட்கார்ந்திருக்கிறார், சொல்லச் சொல்லி அனுமதியும் கொடுத்திருக்கிறார்.

அவருடையது மாமனார் காலத்து நாட்டு ஓட்டு வீடு. கரண்ட் இழுத்தது 1980-களில். அப்போது வீட்டில் என்ன இருந்தது? நாலு குண்டு பல்பு, ஒரு ஃபேன், ஒரு ரேடியோ. அதற்கேற்ற மாதிரி சுவரில் மரச்சட்டம் அடித்து, அதன்மேல் ஒயரை வரிசையாகக் கிளிப் போட்டு ஓட்டியிருந்தார்கள். உங்களில் பலபேர் வீட்டில் இன்னும் அந்தச் சட்டம் இருக்கும். அந்த நாளைக்கு அது நல்ல வேலைதான், குறை சொல்ல முடியாது.

குழுவில் ஒன்றரை லட்சம் கடன் வாங்கி வீட்டைப் புதுப்பித்தார். முன்கூடம் ஓடு அப்படியே, கீழே பிவிசி சீலிங் போட்டு மறைத்தாயிற்று. பின்பக்கம் கான்கிரீட் போட்டு ஒரு அறை, ஒரு சமையலறை. தரையெல்லாம் டைல்ஸ். பழைய கறுப்பு சுவிட்சை எல்லாம் எடுத்துவிட்டு வெள்ளை வெளேர் என்று புது சுவிட்ச் போர்டு. கிரகப்பிரவேசத்துக்குப் போன எல்லோருமே "சிட்டி வீடு மாதிரி இருக்கு"ன்னோம்.

அந்தக் கடன் மனுவை இப்போது எடுத்துப் பார்த்தால் எங்களுக்கே வெட்கமாக இருக்கிறது. டைல்ஸ் இவ்வளவு, பெயின்ட் இவ்வளவு, சீலிங் இவ்வளவு என்று வரிவரியாக எழுதியிருக்கிறது. "ஒயரிங் - 4,000 ரூபாய்." ஒரே வரி. அந்த நாலாயிரம் சுவிட்சுக்கும் போர்டுக்கும்தான் ஆயிற்று. அந்த வெள்ளைப் போர்டுக்குப் பின்னால் இருந்தது அதே 1980-களின் ஒயர். புது அறைக்கும் சமையலறைக்கும் தனி லைன் இழுக்கவில்லை. கூடத்துப் பழைய லைனில் இருந்தே ஒரு முறுக்குப் போட்டு, டேப் சுற்றி, சீலிங்குக்கு மேலே விட்டுவிட்டார்கள். நாங்கள் யாரும் கேட்கவில்லை. தீர்மானத்தில் பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

பிறகு ஒவ்வொன்றாகச் சாமான் சேர்ந்தது. மாவு வியாபாரம் நன்றாகப் போனதால் 1 எச்.பி. கவிழ்க்கும் கிரைண்டர். மாவு வைக்கப் பெரிய ஃப்ரிட்ஜ். மகள் பிரசவத்துக்கு வந்தபோது மருமகன் செகண்ட் ஹேண்டில் ஒரு டன் ஏசி வாங்கி மாட்டினார். குழந்தை குளிக்க வெந்நீருக்குக் கீசர். எதுவும் ஆடம்பரம் இல்லை, எல்லாம் தேவைக்கு வாங்கியதுதான்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. நமக்குத்தான் கணக்கு வராதா என்ன, உள்கடன் வட்டியே போடுகிறோம். ஒவ்வொரு சாமானின் பின்னாலும் எத்தனை வாட்ஸ் என்று ஒட்டியிருக்கும். அதையெல்லாம் கூட்டி 230-ஆல் வகுத்தால் எத்தனை ஆம்பியர் கரண்ட் ஓடுகிறது என்று ஏறக்குறைய வந்துவிடும். அந்த வீட்டில் சாயங்காலம் ஒரே நேரத்தில் ஓடியது: கீசர் 2000, ஏசி 1200, கிரைண்டர் இழுப்பது சுமார் 1000, ஃப்ரிட்ஜ் 200, லைட்டு ஃபேன் டிவி எல்லாம் சேர்த்து 300. மொத்தம் 4700 வாட்ஸ். 230-ஆல் வகுத்தால் 20 ஆம்பியருக்கு மேல். அந்தப் பழைய ஒயர் பத்துப் பன்னிரண்டு ஆம்பியர் தாங்கினாலே பெரிது.

கரண்ட் இரண்டு மடங்கு ஓடினால் ஒயரில் சூடு இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஓய்வுபெற்ற ஒயர்மேன் ஐயா இதை மூன்று தடவை சொன்னார், நாங்கள் நம்பாததால். அதிலும் முறுக்கிப் போட்ட இணைப்பு இருக்கிறதே, அங்கேதான் சூடு முதலில் ஏறும். பழைய அலுமினிய ஒயரோடு புதுச் செம்பு ஒயரை நேராக முறுக்கினால் இன்னும் மோசம். அந்த இடம் நாளடைவில் பூத்துப்போய்த் தளர்ந்து, பொறி பறக்க ஆரம்பிக்கும்.

அப்படியானால் ஃப்யூஸ் போயிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். போனது. பல தடவை போனது. பக்கத்து வீட்டுத் தம்பி வந்து, "அக்கா, இனிமே போகாது பாருங்க"ன்னு செம்புக் கம்பியை ரெண்டா மடிச்சுக் கட்டிக் குடுத்துட்டுப் போனான். அவன் சொன்னது சரிதான், அப்புறம் ஃப்யூஸ் போகவே இல்லை. ஃப்யூஸ் போகாததால் ஒயர் போனது.

மூன்று நாளாக வீட்டில் மீன் கருகுகிற மாதிரி வாடை. அவர்கள் கார்த்திகை விரதம், வீட்டில் மீனே இல்லை. பக்கத்து வீட்டில் பொரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். சகோதரிகளே, இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். சுவிட்ச், ப்ளக், ஒயர் உறை இவை சூடாகி வேகும்போது பல சமயம் மீன் வாடையோ, பிளாஸ்டிக் கருகும் வாடையோதான் வரும். அடுப்பில் ஒன்றும் இல்லாமல் அந்த வாடை வந்தால் மூக்கை நம்புங்கள்.

நாலாம் நாள் சாயங்காலம் நல்ல மழை. கீசரும் கிரைண்டரும் ஓட, லைட்டு மங்கி மங்கி எரிந்தது. "வோல்டேஜ் கம்மி"ன்னு சொல்லிக்கிட்டாங்க. கொஞ்ச நேரத்தில் சீலிங்குக்கு மேலே சடசடவென்று சத்தம். ஓட்டில் மழை விழும் சத்தம் என்று நினைத்தார்கள். பிறகு சீலிங் இடுக்கில் இருந்து கறுப்பாகப் புகை. கட்டிலில் இருபது நாள் குழந்தை.

மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டாள், நல்லவேளை. எதிர்வீட்டு மாமா ஒரு வாளித் தண்ணீரோடு உள்ளே வந்தார். எங்கள் குழுப் பொருளாளர் மாவு வாங்க அந்த நேரம்தான் வந்திருந்தார். "மாமா, தண்ணி வேணாம், கரண்ட் இருக்கு! முதல்ல மெயினை அணைக்கணும், மெயின் எங்க?" என்று கத்தினார். யாருக்கும் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. மெயின் சுவிட்ச் முன்பு திண்ணைச் சுவரில் இருந்தது. புதுப்பிக்கும்போது அது அசிங்கமாக இருக்கிறது என்று அதைச் சுற்றி ஒரு அலமாரி செய்து, கதவு போட்டு, முன்னால் இரண்டு மூட்டை இட்லி அரிசியும் அடுக்கியாகிவிட்டது. மூட்டையை இழுத்துத் தள்ளி, கதவைத் திறந்து, மெயினை இறக்குவதற்குள் சீலிங் உருகி ஒழுக ஆரம்பித்துவிட்டது.

மெயினை இறக்கிய பிறகும் கூடத்தில் ஒரு லைட் எரிந்துகொண்டே இருந்தது! எல்லோரும் பயந்துபோனோம். பிறகுதான் மகள் சொன்னாள், "இன்வெர்ட்டர் இருக்கும்மா." மெயினை அணைத்தால் கரண்ட் முழுக்க நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் மெயின் போன நொடியே அது தன் பாட்டுக்குக் கரண்ட் கொடுக்கும். அதையும் தனியாக அணைக்க வேண்டும். மேலே சோலார் பலகை வைத்திருப்பவர்கள் அதற்கும் தனி சுவிட்ச் எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் அணைத்த பிறகு, கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலை அள்ளி வீசி, தொங்கிய சீலிங்கைக் கழியால் இழுத்துக் கீழே தள்ளி, ஒருவழியாக அடங்கியது. ஓட்டுக்குக் கீழே மரச்சட்டம் ஒன்றரை ஆள் நீளத்துக்குக் கரி. ராத்திரி எல்லோரும் தூங்கும்போது இது நடந்திருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் அடிவயிறு கலங்குகிறது.

இதோடு முடியவில்லை. "இ.பி.க்கு ஃபோன் பண்ணலாம்"னு ஒருத்தர் சொன்னதும், அந்தச் சகோதரி கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்க்கா. கிரைண்டரைப் பார்த்தா ஃபைன் போட்டுருவாங்க." வீட்டு இணைப்பில் வியாபாரம் ஓடுகிறது, அதுதான் பயம். அந்தப் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டோம். வீட்டு இணைப்பை வேறு உபயோகத்துக்கு வைத்தால் 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் பணம் கட்டச் சொல்ல இடம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்தில் எரிந்த வீட்டுக்குள் ஒரு ராத்திரி முழுக்க யாரிடமும் சொல்லாமல் இருக்கிறோமே, அதை என்ன சொல்வது? நம் குழுக்களில் மாவு அரைப்பவர்கள், தையல் வைத்திருப்பவர்கள், ஐஸ் பெட்டி வைத்துக் கடை நடத்துபவர்கள் எத்தனை பேர்! எல்லோருக்கும் இதே பயம் இருக்கிறது. தொழில் வளர்ந்து மெஷின் வைக்கிற அளவுக்கு வந்தால் தனி இணைப்பு கேட்டு எழுதிக்கொடுத்துவிடுங்கள். கடன் கொடுக்கும்போதே அந்தச் செலவையும் சேர்த்துக் கொடுப்பது நம் பொறுப்பு.

அடுத்த பிரச்சினை ஃப்ரிட்ஜில் இருந்த மாவு. மறுநாள் கல்யாண வீட்டு ஆர்டர். "எங்க வீட்டுல இருந்து ஒரு ஒயர் இழுத்து ஃப்ரிட்ஜுக்கு மட்டும் குடுத்துக்கலாம்"னு ஒரு அண்ணன் சொன்னார், நல்ல மனசோடுதான். மழையில், ஓட்டின் மேலே, ஈரச் சுவரை ஒட்டி, முறுக்கிய ஒயர்! பொருளாளர் சம்மதிக்கவே இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மாவைத் தூக்குகளில் பிரித்து ஏழு வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தோம். ஒரு வீட்டில் பால் பாத்திரத்தை வெளியே எடுத்து வைத்து இடம் கொடுத்தார்கள். காலையில் மாவு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டது, கொஞ்சம் புளித்துத்தான்.

பிறகு நாங்கள் நாலு பேர் அந்த ஓய்வுபெற்ற ஒயர்மேன் ஐயாவிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டோம். நாங்கள் எலக்ட்ரீஷியன் ஆகவில்லை. ஒயரைப் பிரித்துக் கட்டும் வேலை உரிமம் உள்ளவர்கள் செய்ய வேண்டியது, அதில் கை வைக்காதீர்கள். ஆனால் பார்க்கவும் கேட்கவும் அணைக்கவும் நம்மால் முடியும்.

எதைப் பார்ப்பது? சுவிட்சையும் ப்ளக்கையும் தொட்டுப் பாருங்கள், கை உலர்ந்திருக்கட்டும். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் அந்தச் சாமானை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ப்ளக் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் உள்ளே வெந்திருக்கிறது. சுவிட்ச் போடும்போது உர்ர் என்றோ சடசட என்றோ சத்தம் வந்தாலும் அப்படியே. கிரைண்டர் போட்டதும் மற்ற லைட்டுகள் மங்கினால், எப்போதும் வெளியில் இருந்து வரும் கரண்டைக் குறை சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டில் மங்கவில்லை என்றால் கோளாறு நம் ஒயரில்.

இதற்கு நேர்மாறாக ஒன்று உண்டு, அது மிகவும் ஆபத்து. திடீரென்று சில லைட்டுகள் பளீர் என்று எரியும், ஃபேன் பறக்கும், வேறு சில மங்கிவிடும். இப்படி வந்தால் பெரும்பாலும் நியூட்ரல் ஒயர் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். மூன்று பேஸ் கரண்ட் வரும் வீட்டிலோ, தெருக் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தாலோ, 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வரைக்கும் ஏறலாம். டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் நிமிஷத்தில் போய்விடும். ஒவ்வொரு ப்ளக்காகப் பிடுங்கிக்கொண்டு நிற்காதீர்கள். நேராகப் போய் மெயினை இறக்குங்கள். பிறகு தெருவில் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.

இனி எர்த் விஷயம். பழைய வீடுகளில் எர்த் ஒயரை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டி வைத்திருப்பார்கள். வீட்டைப் புதுப்பிக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? துருப்பிடித்த குழாயை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் போடுகிறோம். அன்றோடு அந்த வீட்டில் எர்த் இல்லை! கொத்தனாருக்கும் தெரியாது, குழாய்க்காரருக்கும் தெரியாது. மூன்று கால் ப்ளக் சொகுசாக இருக்கும், மூன்றாவது காலுக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. ஃப்ரிட்ஜைத் தொட்டால், கிரைண்டரைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று நம் பெண்கள் சொல்வார்கள். "செருப்புப் போட்டுக்கிட்டு அரை"ம்பாங்க வீட்டுல. செருப்புப் போட்டால் தீர்கிற விஷயம் இல்லை அது. வீட்டுக்குத் தனியாக எர்த் குழி போட வேண்டும். போட்ட குழிக்கு வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும். மண் காய்ந்தால் எர்த் சரியாக வேலை செய்யாது.

மழைக்காலத்தில் கொடிக்கம்பியைக் கவனியுங்கள். துணி காயப்போட இரும்புக் கம்பியைக் கட்டி, ஒரு முனையைத் தகரக் கொட்டகையிலோ, சர்வீஸ் ஒயர் வரும் கம்பத்திலோ மாட்டி வைத்திருப்போம். ஒயர் உறை உரசி ஒரு இடத்தில் போனால் போதும், ஈரத் துணியோடு கை வைக்கிற பெண்ணை விடாது. செய்தித்தாளில் ஒவ்வொரு மழைக்கும் படிக்கிறோமே. இன்றைக்கே வீட்டுக்குப் போய் அதை அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். இதற்குக் கடன் மனு தேவையில்லை.

அடுத்து எம்.சி.பி., இ.எல்.சி.பி. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், வேலை வேறு. ஒயர் தாங்குகிற அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் எம்.சி.பி. விழும்; அது ஒயரைக் காப்பாற்றும். ஆள் மேல் கரண்ட் பாய்ந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது, ஏனென்றால் ஆளைக் கொல்ல ஒரு சின்ன பல்புக்குப் போகிற கரண்டே போதும். கசிகிற கரண்டைக் கண்டுபிடித்து, கண் மூடித் திறப்பதற்குள் விழுவது இ.எல்.சி.பி. இப்போது கடையில் ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் தருவார்கள். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் வேண்டும், ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். அதில் ஒரு சின்ன டெஸ்ட் பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை, குழுக் கூட்டம் நடக்கும் அன்று என்று வைத்துக்கொண்டு, அமுக்கிப் பாருங்கள். விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் பொம்மை.

அது அடிக்கடி விழுந்தால் தொல்லை என்று நினைத்து, "இதைத் தூக்கிட்டு நேராக் குடுத்துருங்க தம்பி"ன்னு நாமே சொல்லிவிடுகிறோம். வீட்டில் ஏதோ ஒன்று கசிகிறது என்று அது சொல்கிறது. எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு, அதைத் தூக்கி, பிறகு ஒவ்வொரு எம்.சி.பி.யாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடலாம். எல்லாம் இறக்கியிருக்கும்போதே விழுந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், நாம் பார்க்கிற வேலை இல்லை. அதேபோல 16 ஆம்பியர் எம்.சி.பி. விழுகிறது என்று 32 போட்டுக்கொடுத்தால், அது மடித்துக் கட்டிய ஃப்யூஸ் கம்பியின் தங்கச்சிதான்.

ஒயர் தடிமன் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், லைட்டு ஃபேனுக்கு 1.5, பெரிய ப்ளக்குக்கு 2.5, ஏசி கீசருக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், ஒவ்வொரு பெரிய சாமானுக்கும் மெயின் போர்டில் இருந்து தனி லைன். தூரம், சாமானைப் பொறுத்து எலக்ட்ரீஷியன் கூட்டிச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், குறைத்துச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். இப்போது எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்குகிறார்கள். அதைத் திண்ணை லைட் ப்ளக்கில் மாட்டி ராத்திரி முழுக்க சார்ஜ் போடாதீர்கள். உங்கள் மின்கட்டண விவரத்தில் அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்று இருக்கும். வீட்டு ஒயரை எவ்வளவு தடியாக மாற்றினாலும் அதைக் கூட்டாமல் இருந்தால் கம்பத்தில் இருந்து வரும் ஒயரும் மீட்டரும் சூடாகும். பிரிவு அலுவலகத்தில் எழுதிக்கொடுத்தால் கூட்டித் தருவார்கள், பணம் கட்ட வேண்டியிருக்கும்.

ஒருவருக்கு ஷாக் அடித்துவிட்டால், பாசத்தில் போய்க் கட்டிப்பிடித்துவிடாதீர்கள். எத்தனை வீட்டில் இரண்டு உயிர், மூன்று உயிர் போயிருக்கிறது! மெயினை அணையுங்கள். அதற்கு வழியில்லை என்றால் உலர்ந்த மரப்பலகை, பிளாஸ்டிக் நாற்காலி ஏதாவதன் மேல் நின்று, உலர்ந்த கட்டையால் ஒயரைத் தள்ளுங்கள். இது வீட்டுக்குள் மட்டும்தான். தெருவில் அறுந்து விழுந்த கம்பியின் பக்கமே போகக் கூடாது. மூச்சு இல்லை என்றால் 108-க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, வண்டி வரும்வரை நிறுத்தாமல் அழுத்துங்கள். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லை"ன்னு சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். இதயத் துடிப்பு பிறகு தடுமாறலாம்.

நம்பர்களை எழுதிக்கொள்ளுங்கள். மின்வாரியத்தின் மின்னகம், இரவும் பகலும்: 94987 94987. தீக்கு 101 அல்லது 112. ஆம்புலன்ஸ் 108. எழுதிய தாளை மெயின் சுவிட்ச் பக்கத்திலேயே ஒட்டுங்கள். அப்படியே அதன் முன்னால் இருக்கும் மூட்டையையும் எடுத்துவிடுங்கள்.

அந்தச் சகோதரி வீட்டில் முழுக்க ஒயர் மாற்ற 38,000 ரூபாய் ஆயிற்று. குழுவில் மறுபடி கடன் கொடுத்தோம். ஒரு உறுப்பினர், "முன்னாடியே டைல்ஸ்ல பாதியைக் குறைச்சிருந்தா இந்தக் கடனே வேணாமே"ன்னு சொன்னார். உண்மைதான், ஆனால் அதை அன்றைக்கு எங்களில் ஒருத்தரும் சொல்லவில்லையே. இப்போது கிரைண்டருக்குத் தனி இணைப்பு, வீட்டுக்கு ஆர்.சி.சி.பி., எர்த் குழி எல்லாம் இருக்கிறது. எங்கள் குழுவில் வீடு பழுதுபார்க்கும் கடன் மனுவில் நாலு கேள்வி சேர்த்துவிட்டோம்: ஒயர் எந்த வருஷத்தது, எர்த் இருக்கிறதா, என்னென்ன சாமான் வைக்கப்போகிறீர்கள், மெயின் எங்கே இருக்கிறது. பதில் எழுதாத மனு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். கூட்டமைப்பும் இதை எல்லாக் குழுவுக்கும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

பேச்சுக்குப் பிறகு ஒரு சகோதரி கேட்டார்: "எங்களுது வாடகை வீடு. ப்ளக் கருகிக் கிடக்கு. சொன்னா வீட்டுக்காரம்மா, 'இஷ்டம்னா இருங்க, இல்லைன்னா காலி பண்ணுங்க'ங்கறாங்க. என்ன செய்ய?" இதற்கு எங்களிடம் எளிதான பதில் இல்லை. அந்தப் ப்ளக்கை உபயோகிக்காதீர்கள், கருகிய இடத்தை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள், ஹீட்டரும் இஸ்திரியும் ஒரே நேரத்தில் போடாதீர்கள் என்று சொன்னோம். அந்த வீட்டுக்காரம்மா பக்கத்துத் தெருக் குழுவில் உறுப்பினர் என்று தெரிந்தது. வருகிற வெள்ளிக்கிழமை இரண்டு குழுவின் பிரதிநிதிகளும் சேர்ந்து போய்ப் பேசுவதாக இருக்கிறோம்.